அந்திமந்தாரையின் தாய்வழிச் சொத்து

“நர்சரியில் வாங்கும் பூச்செடி எதுவும் ஒரு கோடையைத் தாண்டுவதில்லை. வருஷக்கணக்கில் நிற்கிற செடி உண்டா?” என்று கேட்கிறார் கீழ்க்கட்டளை வாசகி ஒருவர். நித்தியகல்யாணி, இட்லிப்பூ, செம்பருத்தி என்று பலரும் சொல்வார்கள். என் ஓட்டு அந்திமந்தாரைக்கு.

நடுவதில் சொல்லித்தர ஒன்றுமில்லை. மிளகளவுக் கறுப்பு விதையை ஊன்றினால் போதும். விதை நஞ்சு, குழந்தைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த இந்தச் செடியின் பலமெல்லாம் மண்ணுக்கடியில்தான். வேர் கிழங்காகத் தடித்து உணவைச் சேர்த்துவைக்கிறது. கத்திரி வெயிலில் தண்டு காய்ந்தாலும் மழை விழுந்ததும் மறுபடி துளிர்க்கும். தண்ணீர் தேங்கினால் மட்டும் கிழங்கு அழுகிவிடும். பாத்தி சற்று மேடாக இருக்கட்டும்.

இந்தச் செடி அறிவியல் வரலாற்றிலும் இடம்பிடித்தது. இலையில் பச்சையும் வெள்ளையும் திட்டுத்திட்டாகக் கலந்த ஒரு வகை உண்டு. அதில் முழுப் பச்சைக் கிளை, முழு வெள்ளைக் கிளை, கலப்புக் கிளை மூன்றும் ஒரே செடியில் வரும். ஜெர்மன் தாவரவியலர் கார்ல் காரென்ஸ் இவற்றை ஒன்றோடொன்று இனக்கலப்பு செய்து 1909இல் முடிவை வெளியிட்டார். பச்சைக் கிளைப் பூவின் விதைகள் பச்சை நாற்றுகளையே தந்தன. வெள்ளைக் கிளைப் பூவில் எந்தக் கிளையின் மகரந்தத்தைத் தூவினாலும் நாற்று வெள்ளைதான். கலப்புக் கிளையிலிருந்து மூன்று விதமும் வந்தன. தந்தை யாரென்பது இலை நிறத்தில் எடுபடவே இல்லை!

மெண்டலின் விதிகளை 1900இல் மீட்டெடுத்தவர்களில் ஒருவர் காரென்ஸ். அந்த விதிகளுக்கு அடங்காத மரபையும் அவரே காட்டினார். இலைக்குப் பச்சை தரும் பசுங்கணிகங்களுக்குத் தனி மரபணுக்கள் உண்டு. இந்தச் செடியில் அவை சூல்முட்டை வழியாக மட்டுமே அடுத்த தலைமுறைக்குப் போகின்றன என்பது பின்னால் தெளிவானது. என் அம்மா பிறந்த வீட்டிலிருந்து உறைமோர் கொண்டுவந்தாராம். எந்த வீட்டுப் பாலை ஊற்றினாலும் தயிர் பாட்டி வீட்டுத் தயிராகவே இருந்தது. அப்படித்தான் இதுவும். வெள்ளை நாற்றுகளோ பச்சையம் இல்லாமல், விதையிலிருந்த உணவு தீர்ந்ததும் மடிந்துவிடும்.

இத்தனை கெட்டியான செடியும் நம் வீடுகளில் நிலைப்பதில்லை. தண்டு காய்ந்ததும் செத்துவிட்டதென்று கிழங்கோடு பிடுங்கி எறிகிறோம். மிச்ச மண்ணையும் சிமென்ட் கல் பதித்து மூடுகிறோம். கீழ்க்கட்டளை ஏரியின் உபரிநீர் நாராயணபுரம் ஏரி வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போக வேண்டும். அந்த வழியில் ஏற்கெனவே நெருக்கடி. நம் வாசல் மழையையும் குடிக்க மண்ணில்லாமல் தெருவுக்குத் தள்ளுகிறோம். காம்பவுண்டுச் சுவரோரம் இரண்டடி மண்ணையாவது விட்டுவையுங்கள். அங்கே கல் பதித்தால் மிச்சமாவது பெருக்குகிற வேலைதான்.