பழைய காரில் புதிய ஸ்டீரியோ: வாங்கும் முன் ஒரு கணக்கு

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நாம் எல்லாருமே செய்யும் தவறு ஒன்று உண்டு. வேகம் குறைந்தால் உடனே புதிதாக எதையாவது வாங்கிப் பொருத்திவிடுவோம். குறை எங்கே இருக்கிறது என்று பார்ப்பதில்லை. காரில் பாட்டுக் கேட்கும் விஷயத்திலும் இதே கதைதான்.

ஈரோட்டில் இருக்கும் என் சித்தப்பாவிடம் 1996ஆம் ஆண்டு கான்டெஸா கிளாசிக் கார் ஒன்று உள்ளது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1984 முதல் 2002 வரை தயாரித்த கார் இது. இங்கிலாந்தின் வாக்ஸால் விக்டர் காரின் வடிவமைப்பை வாங்கி உருவாக்கப்பட்டது. முதலில் அம்பாசிடரின் இன்ஜினுடன் வந்தது. பின்னர் இசுசுவின் 1.8 லிட்டர் இன்ஜின் கிடைத்தது. இதைச் சரியான அர்த்தத்தில் ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்ல முடியாது. கோவாவில் தயாரான சான் ஸ்டார்ம் போன்ற இரண்டு இருக்கை கார்களே அந்தப் பெயருக்கு உரியவை. ஆனால் நீண்ட பானெட்டும் அகன்ற முகமும் கொண்ட கான்டெஸாதான் எங்கள் ஊர் இளைஞர்களுக்கு அந்நாளில் ஸ்போர்ட்ஸ் கார்!

அந்தக் காரில் இருந்த கேசட் பிளேயரை எடுத்துவிட்டு, புதிய ஸ்டீரியோவும் ஆம்ப்ளிபயரும் பொருத்தினார் சித்தப்பா. மூன்றாம் நாள் சத்தியமங்கலம் செல்லும் வழியில், கவுந்தப்பாடி அருகே வயர் கருகும் வாடை. வண்டியை ஓரம் கட்டி, பேட்டரி வயரைக் கழற்றியதால் தப்பித்தோம். ஊருக்குத் திரும்பியதும் காரைப் பார்த்த எலக்ட்ரீஷியன் கேட்டது ஒரே கேள்விதான். "ஏனுங்க தம்பி, இந்த ஒயருக்குப் பியூஸ் எங்கீங்க?"

பியூஸ் இல்லை. பேட்டரியில் இருந்து நேராக ஒரு வயர். அது இரும்புத் தகட்டில் இருந்த துளை வழியாக, ரப்பர் வளையம்கூட இல்லாமல் உள்ளே வந்திருந்தது. ஓட்டத்தின் அதிர்வில் வயரின் மேலுறை தேய்ந்து, தகட்டைத் தொட்டுவிட்டது. அதன் பிறகுதான் நான் இந்த விஷயத்தை உட்கார்ந்து படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

கம்ப்யூட்டரும் கார் ஸ்டீரியோவும்

இரண்டையும் ஒப்பிட்டால் எளிதில் புரியும். பாட்டு இருக்கும் பென் டிரைவ்தான் ஹார்ட் டிஸ்க். பைலைப் படித்து ஒலி அலையாக மாற்றும் ஸ்டீரியோ, சவுண்ட் கார்டின் வேலையைச் செய்கிறது. ஆம்ப்ளிபயர் அந்த அலையைப் பெரிதாக்குகிறது. ஸ்பீக்கர் இரண்டிலும் ஸ்பீக்கர்தான். பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் சேர்ந்து எஸ்.எம்.பி.எஸ்.ஸின் இடத்தில் இருக்கின்றன.

எஸ்.எம்.பி.எஸ். சிறியதாக இருக்கும்போது பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்டால் என்ன ஆகும்? கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுவிடும். பழைய காரில் பெரிய ஆம்ப்ளிபயர் போட்டாலும் அப்படித்தான்.

50 வாட் என்பது உண்மையா?

பல ஸ்டீரியோக்களின் அட்டைப் பெட்டியில் "50 வாட் x 4" என்று அச்சிட்டிருக்கும். இன்ஜின் ஓடும்போது காரில் கிடைப்பது அதிகபட்சம் சுமார் 14.4 வோல்ட். கார் ஸ்பீக்கரின் தடை பொதுவாக 4 ஓம். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி, ஓமால் வகுத்தால் வாட் கிடைக்கும். 14.4ஐ 14.4ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 52. இதுதான் பெட்டியில் இருக்கும் 50!

ஆனால் ஒலி அலை எப்போதும் உச்சியிலேயே நிற்பதில்லை. ஏறி இறங்குகிறது. அதன் பயன் தரும் வோல்டேஜ் சுமார் 10 மட்டுமே. 10ஐ 10ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 25. இதிலும் கொஞ்சம் வெப்பமாகப் போய்விடும். ஆக, தெளிவான ஒலியாகக் கிடைப்பது ஒரு ஸ்பீக்கருக்கு 15 முதல் 20 வாட் வரைதான். எனவே பெட்டியின் முன்பக்க எண்ணைப் பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் கையேட்டில் ஆர்.எம்.எஸ். என்ற வரியைத் தேடிப் பாருங்கள். ஸ்பீக்கர் வாங்கும்போதும் இதே எண்ணைக் கேளுங்கள்.

காரின் உள்ளே இந்த 20 வாட்டே பலருக்குப் போதும். சித்தப்பாவின் ஆம்ப்ளிபயரோ 50 வாட் ஆர்.எம்.எஸ். வீதம் நான்கு சேனல், மொத்தம் 200 வாட். சாதாரண ஆம்ப்ளிபயரில் ஏறக்குறைய அதே அளவு வெப்பமாகவும் வீணாகும். முழு ஒலியில் வைத்தால் 400 வாட். அதாவது 30 ஆம்பியர். முன்பக்க ஹெட்லைட் இரண்டும் சேர்ந்தே 10 ஆம்பியர் அளவுதான் எடுக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

1. பேட்டரியில் இருந்து தனி வயர் இழுத்தால், பேட்டரிக்கு அருகிலேயே, அரை மீட்டருக்குள், பியூஸ் இருக்க வேண்டும். ஆம்ப்ளிபயரில் உள்ள பியூஸ் அந்தக் கருவியை மட்டுமே காக்கும். வழியில் வயர் உரசினால் காரைக் காப்பது பேட்டரி அருகே உள்ள பியூஸ்தான்.

2. பெரும்பாலான ஸ்டீரியோக்களில் மஞ்சள் வயர் எப்போதும் மின்சாரம் பெற வேண்டியது. நேரம், சேமித்த வானொலி நிலையங்கள் ஆகியவை அதனால்தான் மறக்காமல் இருக்கும். சிவப்பு வயர் சாவி திருப்பும்போது மட்டும் மின்சாரம் பெற வேண்டும். இரண்டையும் ஒன்றாக முறுக்கிப் பேட்டரியில் கொடுத்தால், சாவியை எடுத்த பின்பும் ஸ்டீரியோ விழித்திருக்கும். சில நாள் நிறுத்தி வைத்த வண்டி ஸ்டார்ட் ஆகாது.

3. பழைய கார்கள் சிலவற்றில் ஸ்பீக்கரின் ஒரு வயரைக் காரின் உடலிலேயே இணைத்திருப்பார்கள். இன்றைய ஸ்டீரியோக்களில் இப்படிச் செய்யக் கூடாது. உள்ளே இருக்கும் ஐ.சி. எரிந்துவிடும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனியாக இரண்டு வயர் இழுக்க வேண்டும்.

4. 1960களிலோ அதற்கு முன்போ வந்த பிரிட்டிஷ் வடிவமைப்புக் காராக இருந்தால், பேட்டரியின் எந்த முனை உடலோடு இணைந்துள்ளது என்று பாருங்கள். சிலவற்றில் பாசிட்டிவ் முனை இணைந்திருக்கும். இன்றைய ஸ்டீரியோக்கள் நெகட்டிவ் முனைக்கானவை.

5. பேஸ் ஒலி குறைவாக இருந்தால் உடனே சப்வூபர் வாங்காதீர்கள். ஏதாவது ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு ஸ்பீக்கர் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுத்தால் பேஸ் அடிபட்டுப் போகும். மாற்றிப் போடச் செலவு எதுவும் இல்லை.

பென் டிரைவ் பாடவில்லையா?

இனி நம் கம்ப்யூட்டருக்கு வருவோம். பல கார் ஸ்டீரியோக்கள் எப்.ஏ.டி.32 முறையில் பார்மட் செய்த பென் டிரைவை மட்டுமே படிக்கும். 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவ்கள் பெரும்பாலும் வேறு முறையில் வருகின்றன. எனவே 32 ஜிபி அல்லது அதற்குக் குறைவானதை வாங்கவும். பென் டிரைவ் ஐகானில் ரைட் கிளிக் செய்து, பார்மட் தேர்ந்தெடுத்து, எப்.ஏ.டி.32 என்பதைக் கொடுக்கவும். பார்மட் செய்தால் உள்ளே இருக்கும் பைல்கள் அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

சில ஸ்டீரியோக்கள் பெயர் வரிசையில் பாடுவதில்லை. நீங்கள் காப்பி செய்த வரிசையில் பாடும். பைல்களுக்கு 01, 02 என்று முன்னால் எண் கொடுத்து, அந்த வரிசையிலேயே காப்பி செய்திடவும். தமிழ்ப் பெயர்கள் திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பெயரை ஆங்கில எழுத்தில் மாற்றிவிடுங்கள்.

கேசட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள்

சித்தப்பா தன் கேசட் பெட்டியைப் பழைய இரும்புக் கடைக்குப் போட இருந்தார். அதில் ஒன்றில், 1994இல் வீட்டு விசேஷத்தில் எங்கள் பாட்டி பாடிய கும்மிப் பாட்டு பதிவாகியிருந்தது. பாட்டி இன்று இல்லை. சினிமாப் பாட்டை எங்கும் வாங்கலாம். அந்தக் குரலை எங்கே வாங்குவது?

கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவது எளிது. நன்றாக ஓடும் டேப் ரிக்கார்டரின் லைன் அவுட் அல்லது ஹெட்போன் துளையில் இருந்து, கம்ப்யூட்டரின் லைன் இன் துளைக்கு ஒரு ஸ்டீரியோ வயர் கொடுங்கள். லேப்டாப்பில் லைன் இன் இல்லையெனில், அந்த வசதி உள்ள யு.எஸ்.பி. ஆடியோ அடாப்டர் வாங்கிக்கொள்ளலாம். ஆடாசிட்டி என்ற இலவச புரோகிராமில் ரிக்கார்டு பட்டனை அழுத்தி, கேசட்டை ஓட விடவும். ஒலி அளவுக் கோடு உச்சியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளவும். தொட்டால் வரும் கரகரப்பைப் பின்னால் முழுதாகச் சரி செய்ய இயலாது.

நெடுநாள் கிடந்த கேசட்டை முதலில் ஒரு முறை முழுவதும் முன்னும் பின்னும் சுற்றி எடுங்கள். சோதனைக்கு முக்கியமில்லாத ஒரு கேசட்டை முதலில் போட்டுப் பாருங்கள்.

60 நிமிடக் கேசட் ஒன்று, சி.டி. தரத்தில் வேவ் பைலாகச் சுமார் 635 எம்பி இடம் எடுக்கும். 128 கே.பி.பி.எஸ். எம்பி3 பைலாக மாற்றினால் 58 எம்பிதான். காருக்கு எம்பி3 போதும். வேவ் பைலை அழித்துவிடாமல் ஹார்ட் டிஸ்க்கிலும் வேறோர் இடத்திலும் வைத்திடுங்கள்.

இப்போது சித்தப்பாவின் காரில் அந்த ஆம்ப்ளிபயர் இல்லை. ஸ்டீரியோ, நான்கு நல்ல ஸ்பீக்கர், சரியான பியூஸ், அவ்வளவுதான். பென் டிரைவில் முதல் பைல் பாட்டியின் கும்மி. பின்னணியில் யாரோ குழந்தை அழுவதுகூடத் தெளிவாகக் கேட்கிறது. அது நான்தான் என்கிறார் சித்தப்பாவின் மூத்த மகள், என் அக்கா.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு கேசட் பெட்டி இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பாருங்கள்.