அந்தப் பாரசீகரின் ஆணம்

மதீனா மாநகரில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அண்டை வீட்டாருள் ஒருவர் பாரசீக நாட்டவர். ஆணம் காய்ச்சுவதில் கைதேர்ந்தவர். ஒருநாள் அண்ணலாருக்கென்றே ஆணம் காய்ச்சிவைத்து, விருந்துக்கு அழைக்க நேரில் வந்தார். அண்ணலார், அன்னை ஆயிஷா (ரலி) அவர்களைச் சுட்டிக்காட்டி, இவருக்கும் அழைப்பு உண்டா என்று வினவினார்கள். இல்லை என்றார் அவர். அப்படியாயின் தாமும் வருவதற்கில்லை என்று அண்ணலார் கூறிவிட்டார்கள். அவர் மீண்டும் வந்தார். மீண்டும் அதே வினா, அதே விடை. மூன்றாம் முறை வந்தபோதுதான் அன்னையாரையும் சேர்த்து அழைத்தார். உடனே இருவரும் எழுந்து, ஒருவர்பின் ஒருவராக விரைந்து அவர் இல்லம் சென்றார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது.

அன்பர்களே! உணவகங்களில் உண்ணலாமா என்று என்னிடம் கேட்போர் பலர். இறைச்சி ஹலாலானதா, இடம் தூய்மையானதா என்று விசாரிப்பது நம் கடமை. அதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் அத்துடன் வினா முடிந்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். அந்தப் பாரசீகரின் ஆணத்தில் குறை ஏதும் கூறப்படவில்லை. அழைத்தவர் அண்டை வீட்டார். அழைப்போ அன்பான அழைப்பு. இருந்தும் அண்ணலார் இருமுறை மறுத்தார்கள். இந்த ஹதீஸுக்கு விரிவுரை எழுதிய இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், துணைவியாரை விடுத்துத் தாம் மட்டும் உண்பதை அண்ணலார் விரும்பவில்லை என்றும், அழகிய இல்லறப் பண்பு இதுவே என்றும் குறிப்பிடுகிறார்கள்.

இதை நான் எண்ணிப் பார்க்க நேர்ந்தது ஒரு பரோட்டாக் கடையில்.

விருதுநகர் என்றதும் வெளியூரார் நாவில் முதலில் வருவது பரோட்டாதான். மைதா மாவைப் பிசைந்து ஊறவைத்து, மெல்லிதாக விசிறி, சுருட்டித் தட்டி, நடுவில் குழிந்த அகன்ற கல்லில் எண்ணெய் ததும்பப் பொரித்தெடுப்பது அவ்வூர் வழக்கம். எண்ணெய் வணிகத்தில் பேர்பெற்ற ஊருக்கு அது பொருத்தமே. அதனைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றினால், அளவோடு உண்ணுங்கள் என்று அடுத்தவர்க்குப் போதிக்கும் என் போன்றோருக்கும் அளவு மறந்துவிடும்!

பரோட்டா நம் மண்ணோடு நின்றுவிட்ட பண்டமன்று. மலேசியாவில் அதற்கு ரொட்டி சானாய் என்று பெயர்; சிங்கப்பூரில் ரொட்டி பிராட்டா. பினாங்குத் தெருக்களில் நம் தமிழ் முஸ்லிம்கள் காவடித்தண்டின் ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் குழம்பையும் சுமந்து விற்றதால் வந்த பெயரே நாசி கந்தார். நாசி என்றால் மலாய் மொழியில் சோறு. கந்தார் என்பது அந்தத் தண்டு. துறைமுகத் தொழிலாளர்களின் பசி தீர்த்த சோறு அது. சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரத்தை 2020-லும், ரொட்டி சானாய் உள்ளிட்ட மலேசியக் காலை உணவுப் பழக்கத்தை 2024-லும் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. கடல் கடந்து சென்ற நம்மவரின் கைமணத்துக்கும் அதில் பங்குண்டு.

பிற நாட்டார் உணவைக் கண்டு முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு சொல். அன்னை மைமூனா (ரலி) அவர்கள் இல்லத்தில் சுட்ட உடும்பு வைக்கப்பட்டபோது அண்ணலார் கையை இழுத்துக்கொண்டார்கள். இது தடுக்கப்பட்டதா என்று காலித் பின் வலீத் (ரலி) கேட்டார்கள். இல்லை, தம் மக்கள் வாழும் பகுதியில் இல்லாத உணவாதலால் தமக்கு விருப்பமில்லை என்றார்கள் அண்ணலார். காலித் (ரலி) அதைத் தம் பக்கம் இழுத்து உண்ண, அண்ணலார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தமக்குப் பிடிக்காததை அவர்கள் பழிக்கவில்லை.

பரோட்டாக் கடைக்கு வருவோம். சென்ற ஆண்டு சிவகாசிப் பக்கம் ஒரு நிக்காஹ் பேச்சுக்காகச் சென்று திரும்பும் வழியில், அர்ச்சுனா நதியின் குறுக்கே அணை அமைந்துள்ள ஆனைக்குட்டத்தின் அருகே வண்டியை நிறுத்தினோம். மாலை மங்கும் நேரம். நாங்கள் நால்வர், நால்வரும் ஆண்கள். சூடான பரோட்டா இலைக்கு வந்தது. அப்போது பட்டாசு ஆலைக்கு ஆட்களை ஏற்றிச்செல்லும் வண்டி ஒன்று வந்து நின்று, பெண்கள் சிலர் இறங்கினர். அவர்களுள் ஒருவர் கடைமுன் வந்து நின்று ஐந்து பரோட்டா கட்டச் சொல்லி, சால்னாவுக்குத் தூக்குவாளியை நீட்டினார்.

எங்களில் ஒருவர், இக்காலத்துப் பெண்கள் அடுப்பை மறந்துவிட்டார்கள் ஹஜ்ரத் என்று என் காதருகே சொன்னார். நானும் தலையசைத்தேன். மேடைகளில் நானே அவ்வாறு பேசியிருக்கிறேன், மறைப்பானேன்?

தலையசைத்த பிறகுதான் மனம் உறுத்தியது. பட்டாசு ஆலையில் தீப்பொறி எழக்கூடாது. தீக்குச்சி ஒன்றைக்கூட உள்ளே கொண்டுசெல்ல அனுமதியில்லை. நெருப்பு அண்டிவிடக்கூடாதே என்ற அச்சத்தோடு பகலெல்லாம் மருந்தின் நடுவில் அமர்ந்திருந்தவர், மாலையில் வீடு சென்று நெருப்பின் முன் அமர வேண்டும். ஒருநாள் அதிலிருந்து விடுபட ஐந்து பரோட்டா வாங்குகிறார். அதையும் அவர் அங்கே உண்ணவில்லை. வீட்டிலுள்ளோர்க்காகச் சுமந்துகொண்டு விரைகிறார். வீட்டாரை விட்டுவிட்டு உண்டுகொண்டிருந்தவர்கள் நாங்கள் நால்வர்தாம்! எங்கள் வீட்டுப் பெண்கள் காலையில் வைத்த மீன் ஆணத்தைச் சூடுபடுத்தி எங்களுக்காகக் காத்திருப்பார்கள். நாங்கள் போய், பசியில்லை என்போம். அல்லது ஒரு வாய் உண்டுவிட்டு உப்பு குறைவு என்போம்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள். ஒருமுறை வீட்டில் தொட்டுக்கொள்ள என்ன உண்டு என்று கேட்டபோது, காடியைத் தவிர வேறில்லை என்றார்கள். அதையே வரவழைத்து உண்டு, நல்ல தொடுகறி என்று பாராட்டினார்கள். வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் உதவியாக இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டுவிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) விடையளித்தார்கள்.

கல்லின் முன் நின்ற மாஸ்டரையும் பார்த்தேன். நெற்றி வியர்வையைத் தோள் துண்டால் துடைத்தபடி அடுக்கடுக்காகப் பரோட்டாவைத் தட்டிக்கொண்டிருந்தார். பணியாள் உணவு கொண்டுவந்தால் அவரையும் உடன் அமர்த்துங்கள், இயலாவிடில் ஓரிரு கவளமேனும் கொடுங்கள், ஏனெனில் அதன் வெப்பத்தையும் ஆக்கும் சிரமத்தையும் தாங்கியவர் அவர் என்பது நபிமொழியின் கருத்து; புகாரியில் காணலாம். சமையலறை வெப்பத்துக்கு உரிமை கொடுத்த மார்க்கம் இது. சாப்பிட்டீர்களா என்று மாஸ்டரிடம் கேட்டேன். கடை அடைத்த பிறகுதான் என்றார். பரோட்டா சாப்பிடுவீர்களா என்றதற்கு, ஐயோ, வீட்டில் போய் இரண்டு கவளம் ரசஞ்சோறு போதும் என்று சிரித்தார்.

என் இலையில் இருந்ததோடு நிறுத்திக்கொண்டு, நான்கு பரோட்டா கட்டச் சொன்னேன். வீடு வந்து சேர இஷா கடந்துவிட்டது. பொட்டலம் சில்லிட்டுப் போயிருந்தது. பரோட்டா தோலாகிவிட்டது, சால்னாவின்மேல் எண்ணெய் உறைந்திருந்தது. சூடாறியதை இவ்வளவு தூரம் சுமந்து வந்தீர்களே, அங்கேயே சாப்பிட்டிருக்கலாமே என்றார் என் துணைவியார். கல்லில் போட்டுச் சூடுபடுத்த அவர் எழுந்தபோது, நானே செய்கிறேன் என்று சென்று இரண்டைக் கருக்கிவிட்டேன்! மிஞ்சிய இரண்டை ஒரே தட்டில் வைத்து உண்டோம்.

உண்ணும்போது பாரசீகரின் நிகழ்ச்சியைச் சொன்னேன். அமைதியாகக் கேட்டவர், அந்த ஆணத்தில் அவர் என்ன போட்டிருந்தாராம் என்றார். ஹதீஸில் அந்த விவரம் இல்லை. இருபத்தைந்து ஆண்டுகளாக இந்த ஹதீஸை மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்து வருகிறேன். ஒருவரும் அதைக் கேட்டதில்லை.