வலது கால் வலிக்கும்போது ஊன்றுகோலை ஏன் இடக்கையில் பிடிக்க வேண்டும்?

வலது இடுப்பு மூட்டு தேய்ந்த முதியவர்கள் பலர், வலிக்கும் பக்கத்துக்குத்தானே முட்டு வேண்டும் என்று கருதி, ஊன்றுகோலை வலக்கையிலேயே பிடிக்கின்றனர். உடலின் கணக்கோ வேறு.

நடக்கையில் ஒவ்வோர் அடியிலும் ஒரு கணம் உடல் ஒற்றைக் காலில் நிற்கிறது. அப்போது இடுப்பெலும்பு சீசா பலகையாகவும், ஊன்றிய காலின் மூட்டு அதன் நடுத்தாங்கியாகவும் அமைய, நீண்ட பக்கத்தில் உடலின் எடை கீழே அழுத்துகிறது. குறுகிய பக்கத்தில் இடுப்பின் வெளிப்புறத் தசைகள் பலகை சரியாதபடி இழுத்துப் பிடிக்கின்றன.

குறுகிய பக்கத்தில் அமர்பவர் எவ்வளவு கனமாக இருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்! தசைகளின் இழுவையும் எடையும் சேர்வதால், மூட்டின்மீது விழும் சுமை உடல் எடையைப் போல ஏறத்தாழ 2.5 மடங்காகிறது.

இடக்கைக் கோல் நீண்ட பக்கத்தை, மூட்டிலிருந்து வெகுவாக விலகிய இடத்தில், கீழிருந்து தாங்குகிறது. அதனால் கை சிறிதே அழுத்தினாலும் தசையின் உழைப்பும் மூட்டின் சுமையும் பெரிதும் குறைகின்றன. வலக்கையில் பிடித்தால் இந்த நெம்புதல் கிட்டாது. கோலும் வலிக்கும் காலும் ஒரே நேரத்தில் தரையில் பதிய வேண்டும்.

உயரமும் முக்கியம்: செருப்பணிந்து நின்று கையைத் தளரத் தொங்கவிட்டால், கைப்பிடி மணிக்கட்டு ரேகைக்கு நேராக இருக்க வேண்டும். அடிமுனை ரப்பரின் வரிகள் தேய்ந்துவிட்டால் ஈரத்தரையில் கோல் வழுக்கும் என்பதால், ரப்பரை உடனே மாற்றுவது நல்லது.

வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்கு 2017-இல் தொடங்கிய ‘ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா’ என்னும் இந்திய அரசுத் திட்டம் ஊன்றுகோல்களை இலவசமாக வழங்குகிறது. கோலைக் கொடுக்கும் இடத்திலேயே அதை எந்தக் கையில், எந்த உயரத்தில் பிடிப்பது என்பதையும் கற்றுத்தர வேண்டும்.