செயல்நினைவை அளப்பது எப்படி?

நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874-ஆம் ஆண்டு பிறந்தவர் செய்குத்தம்பிப் பாவலர். இவர் 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டினார். ஒரே நேரத்தில் நூறு செய்திகளில் கவனம் வைப்பதே சதாவதானம். இத்தகைய அவையில் ஒருவர் மணியடிப்பார். மற்றொருவர் அவதானியின் முதுகில் சிறு கற்களை எறிவார். இன்னொருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். மணியையும் கல்லையும் எண்ணிக்கொண்டே வெண்பாவையும் பாடி முடிக்க வேண்டும்!

ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொண்டே வேறு வேலையும் பார்க்கும் இத்திறனை உளவியலார் 'செயல்நினைவு' என்பர். அதை அளக்கத் தராசு உண்டா?

1887-இல் ஜோசப் ஜேக்கப்ஸ் என்பவர் எளிய முறையொன்றை வெளியிட்டார். உங்கள் நண்பரை நொடிக்கு ஒன்றாக 6, 2, 9, 4 என்று படிக்கச் சொல்லுங்கள். கேட்டுத் திருப்பிச் சொல்லுங்கள். முறைக்கு ஓர் எண் கூட்டிக்கொண்டே போகலாம். பெரியவர்களில் பெரும்பாலோர் ஏழை ஒட்டித் தடுமாறுவர். ஆனால் இது நினைவில் வைப்பதை மட்டுமே அளக்கிறது. வேலை ஏதும் இல்லை. அதே எண்களைப் பின்னிருந்து சொல்லிப் பாருங்கள், வேறுபாடு விளங்கும்.

1980-இல் டேன்மன், கார்ப்பென்டர் என்னும் இருவர் இன்னும் கடினமான சோதனை அமைத்தனர். வாக்கியங்களை வரிசையாக உரக்கப் படித்து, பிறகு ஒவ்வொன்றின் கடைசிச் சொல்லையும் கூற வேண்டும். சரியா தவறா என்று சொல்லிக்கொண்டே போவதும் ஒரு வகை. தமிழ் வாக்கியம் பெரும்பாலும் வினையில் முடிவதால், நமக்கு முதற்சொல்லே வசதி. 'தோவாளை பூச்சந்தைக்குப் பெயர் பெற்றது. சூரியன் மேற்கில் உதிக்கிறது. திமிங்கிலம் முட்டையிடும்.' சரி, தவறு, தவறு. முதற்சொற்கள் மூன்றும் நினைவிருக்கின்றனவா? கல்லூரி மாணவர்களே இரண்டு முதல் ஐந்து வரைதான் எட்டினர். இதில் மிகுதியாகப் பெற்றவர்கள் படித்ததைப் புரிந்துகொள்வதிலும் முன்நின்றனர்.

உங்களுக்கு இரண்டோடு நின்றுவிட்டால், 'என் மண்டையில் ஒன்றும் ஏறாது' என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பதற்றமும் தூக்கக் குறைவும்கூட எண்ணிக்கையைக் குறைக்கும். ஒரே ஒரு சோதனையை நம்பி உளவியலாரும் தீர்ப்புக் கூறுவதில்லை.

அப்படியானால் அவதானியின் செயல்நினைவு நம்முடையதைவிடப் பன்மடங்கு பெரிதா? அமெரிக்காவில் எரிக்சனும் சேசும் ஒரு கல்லூரி மாணவருக்கு 230 மணி நேரத்துக்கு மேல் எண் பயிற்சி அளித்தனர். முடிவை 1980-இல் வெளியிட்டனர். ஏழில் தொடங்கியவர் 79 எண்களை எட்டினார்! அவர் ஓட்டப் பந்தய வீரர்; எண்களை ஓட்ட நேரங்களாகக் கூறுபடுத்தி நினைவில் வைத்தார். எண்ணுக்குப் பதிலாக எழுத்துகளைக் கொடுத்தபோது ஆறளவில் நின்றுவிட்டார். கொள்கலம் பெரிதாகவில்லை, அடுக்கும் முறையே மாறியிருந்தது. வெண்பாவின் சீரும் தளையும் நாவில் பழகிய அவதானிக்கும் இவ்வாறே பாட்டு வேலை எளிதாகி, மிஞ்சிய கவனம் மணிக்கும் கல்லுக்கும் கிடைத்திருக்கும் என்று கருத இடமுண்டு.