1116-னு போட்டிருந்தா சோழர் காசு இல்ல மக்கா!

ஆச்சியோட பெட்டியக் கிளறும்போது சங்கு போட்ட சின்ன வெள்ளிக்காசு கிடைச்சுதா? 1116-னு இருக்கா? 'சோழர் காலத்துக் காசு, லட்சத்துக்குப் போகும்'னு உடனே ஸ்டேட்டஸ் போட்டுராதீங்க. அது கொல்லம் ஆண்டு. கி.பி. 825-ல் தொடங்கும் கணக்கு. கூட்டிப் பாருங்க: 1941 வருதா?

1949 வரை நம்ம ஊரு திருவிதாங்கூர் சமஸ்தானம்தானே. இது சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்துப் 'பணம்'. ஆமா, அந்த நாணயத்தோட பேரே பணம்! 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். பழைய வெள்ளிச் சக்கரம் ரொம்பப் பொடிசு. எண்ணுவதற்கே குழி போட்ட பலகை வச்சிருந்தாங்க.

காசு கறுத்திருக்குன்னு புளி போட்டு மட்டும் தேய்க்காதீங்க. பளபளன்னு ஆகும், ஆனா சேகரிக்கிறவங்க விலையைக் குறைச்சிருவாங்க.