மைலேஜ் வாக்குறுதியை எழுதி வாங்குங்கள்

பெங்களூரில் அல்சூர் சோமேசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் குடியிருப்பவர்களுக்கு நீளமான கார் தோதுப்படாது. நிறுத்த இடமும் கிடைக்காது. சின்னக் காருக்கு வரியும் குறைவு. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்குள் இருந்தால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். அதனால் நிறுவனங்கள் அதே நீளத்துக்குள் இடத்தைக் கூட்டி, எரிபொருளைக் குறைத்துக் காரை மறுபடி வடிவமைக்கின்றன. 2024 மே மாதம் வந்த புதிய ஸ்விஃப்ட், நான்கு சிலிண்டர் எஞ்சினை விட்டு மூன்று சிலிண்டருக்கு மாறியது. மேனுவல் கியரில் லிட்டருக்கு 24.80 கி.மீ., ஏஎம்டி எனும் தானியங்கி கியரில் 25.75 கி.மீ. என்பது அறிவிக்கப்பட்ட மைலேஜ்.

இத்தகைய எண்கள் சோதனைக்கூடத்தில் எடுக்கப்பட்டவை. காரை உருளைகள் மேல் நிறுத்தி, ஏசி போடாமல், 90 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல், சுமார் இருபது நிமிடம் ஓட்டி அளக்கிறார்கள். டிரினிட்டி சர்க்கிளிலிருந்து பழைய மெட்ராஸ் ரோடு வரை மாலையில் ஏசியோடு ஊர்ந்து போகிறவருக்கு அந்த மைலேஜ் வராது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலாலும் கொஞ்சம் குறையும்.

அப்படிக் குறைவதெல்லாம் மோசடி ஆகிவிடாது. ஆனால் சோதனைக்கூட எண்ணைச் சாலையில் கிடைக்கும் எண் போல விளம்பரம் செய்தால் அது வாங்குபவரைத் திசைதிருப்புவதுதான். சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. லிட்டருக்கு 16 முதல் 18 கி.மீ. என்ற விளம்பரத்தை நம்பி 2004-ல் மாருதி ஜென் வாங்கிய டெல்லிக்காரர் ஒருவருக்குச் சராசரியாகக் கிடைத்தது 10.2 கி.மீ. அவருக்குத் தரச்சொன்ன ஒரு லட்சம் ரூபாய் இழப்பீட்டை தேசிய நுகர்வோர் ஆணையம் 2024 ஜனவரியில் உறுதி செய்தது. இருபது வருடம்! அத்தனை காலம் ஓயாமல் நின்றவரை மனதார வணங்கத் தோன்றுகிறது. கேரளத்தில் திருச்சூர் மாவட்ட ஆணையமும், 32 கி.மீ. என்று சொல்லி விற்ற ஃபோர்டு கிளாசிக் டீசல் காரை நிபுணரை வைத்து ஓட்டிப் பார்த்து, வாங்கியவருக்கு மூன்று லட்சத்துக்கும் மேல் தரச்சொன்னது.

இத்தகைய வழக்குகளுக்கு உயிர் கொடுப்பது காகிதம். விளம்பரம், கையேடு, கொட்டேஷன் எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஷோரூமில் "சிட்டியிலேயே இருபது கொடுக்கும் சார்" என்று வாயால் சொன்னால், அதை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். வாங்கிய பிறகு டேங்கை நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்து, மறுபடி நிரப்பி அளந்து பில்லோடு வையுங்கள். இடத்தைப் பற்றிய பேச்சையும் நம்ப வேண்டாம். வீட்டுப் பெரியவர்களைப் பின் சீட்டில் உட்காரவைத்து, ஏசி போட்டு ஓட்டிப் பாருங்கள். சிஎன்ஜி கார் என்றால் டிக்கியைத் திறந்து பாருங்கள், பல மாடல்களில் சிலிண்டரே பாதியை அடைத்துக்கொள்ளும். இன்சூரன்ஸை டீலரிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

குறை இருந்தால் முதலில் டீலருக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் பெங்களூரிலேயே வழக்குப் போடலாம். கார் விலை 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் 200 ரூபாய்தான். வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் செய்துவிட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அங்கே தமிழிலேயே பேசலாம்.