ஏழுக்குத் தலையாட்டலாம்

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் ஜவ்வாது மலைச் சாலையில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். நடக்கும்போதே ‘தகிட தகதிமி’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஓர் எழுத்துக்கு ஓர் அடி. முதல் ‘த’ வலது காலில் விழுந்தால் அடுத்த சுற்றின் ‘த’ இடது காலில் விழும். மூன்றாம் சுற்றில்தான் மறுபடி வலது கால். பத்து சுற்றுக்குள் கால் குழம்பும். அதன் பிறகு பழகிவிடும். ஹிப் ஹாப் பீட்டை ஏழில் அமைப்பதில் உள்ள சிக்கலும் சுவையும் இந்தக் கால் மாற்றம்தான்.

ஹிப் ஹாப் நாலில் பிறந்தது. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டு ஓட்டிய விருந்தை அதன் பிறந்த நாளாகச் சொல்வார்கள். ஃபங்க் இசைத்தட்டுகளில் பாட்டு நின்று டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளை அவர் திரும்பத் திரும்ப ஓட்டினார், கூட்டம் ஆடியது. அந்த இசைத்தட்டுகளின் பாட்டுகள் சுற்றுக்கு நாலு தட்டில் இருந்தன. பின்னால் வந்த கருவிகளும் அதையே பிடித்துக்கொண்டன. 1980-இல் ரோலண்ட் வெளியிட்ட டிஆர்-808 கருவியில் வரிசையாகப் 16 பொத்தான்கள். 1988-இல் ரோஜர் லின் வடிவமைத்து அகாய் வெளியிட்ட எம்பிசி60-இல் நாலுக்கு நாலாகப் 16 பேடுகள். இன்று கணினியிலோ கைபேசியிலோ பீட் செயலியைத் திறந்தாலும் பெரும்பாலும் அதே 16 கட்டம்தான் முன்னே வந்து நிற்கும். கருவி நம்மைத் தடுப்பதில்லை, நாலின் பக்கம் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான்.

சரி, செய்து பார்ப்போம். 16 கட்டத்தில் ஒவ்வொன்றும் ஒரு தட்டில் நாலில் ஒரு பங்கு. வழக்கமான பீட்டில் ஒன்றாம் கட்டத்தில் கிக் என்ற கனத்த டிரம், ஐந்தில் ஸ்னேர் என்ற கூர்மையான டிரம், ஒன்பதில் கிக், பதின்மூன்றில் ஸ்னேர். தும், டக், தும், டக். நாலு கட்டத்துக்கு ஓர் அடி. இப்போது முதல் ஸ்னேருக்கும் இரண்டாவது கிக்குக்கும் நடுவில் இரண்டு கட்டங்களை மட்டும் வெட்டிவிடுங்கள். கிக் ஒன்றிலும் ஏழிலும், ஸ்னேர் ஐந்திலும் பதினொன்றிலும் வரும். மொத்தம் 14 கட்டம். அரைத் தட்டுகளாக எண்ணினால் முதல் ஆறு கட்டம் மூன்று, அடுத்த எட்டு கட்டம் நாலு. தகிட தகதிமி. கர்நாடக இசைக் கச்சேரியில் மிஸ்ர சாபு என்று கேட்கும் அதே தாளம்தான், இங்கே கிக்கும் ஸ்னேருமாக ஒலிக்கிறது.

கேட்பவருக்கு இது பழகிய பீட்டாகவே தோன்றும். ஓரிடத்தில் மட்டும் தரை சற்று முன்னதாக வந்துவிடும். நல்ல ஏழுக்கு அடையாளம் அதுதான் என்பது என் எண்ணம். தாளக் கணக்கு தெரிந்தவர்கள் இந்த இடத்தில்தான் கெடுத்துவிடுவார்கள். மூலைக்கு மூலை அடி போட்டு, ‘பார், எண்ணு’ என்று ஆளைப் பிடித்து உலுக்குவார்கள். தலை ஆடவில்லை என்றால் அது பயிற்சிப் பாடம், ஹிப் ஹாப் அல்ல.

தலையை ஆட வைப்பது ஹை-ஹேட் சிம்பலின் வேலை. அதை இரண்டு கட்டத்துக்கு ஒன்றாக வைத்தால் சுற்றுக்கு ஏழு அடி, சுத்தமாக முடியும். நாலு கட்டத்துக்கு ஒன்றாக, சுற்று முடிவதைப் பொருட்படுத்தாமல் ஓட விட்டால் இன்னும் சுவை. 14-இல் நாலு சரியாக அடங்காது; 28-இல் அடங்கும். எனவே ஹை-ஹேட்டும் கிக்கும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் சமத்தில், அதாவது சுற்றின் முதல் அடியில், சேரும். மலைச் சாலையில் கால் மாறியதே, அதேதான். கழுத்து நாலில் ஆடிக்கொண்டே இருக்கும், பாட்டு ஏழில் போகும்.

பீட் இருந்தால் போதாது, அதன் மேல் சொல் நிற்க வேண்டும். இதற்கு நம் பக்கத்தில் பழைய ஆசான் ஒருவர் இருக்கிறார். ஜவ்வாது மலையின் ஒரு பகுதி திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. மலைக்குக் கீழே அதே திருவண்ணாமலையில்தான் 15-ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் திருப்புகழ் பாடத் தொடங்கினார் என்பது மரபு. முதல் பாடலாகச் சொல்லப்படும் ‘முத்தைத்தரு’வின் சந்தம் ‘தத்தத்தன தத்தத் தனதன’ என்று ஓடும். குறிலை ஒன்றாகவும், ஒற்றோடு சேர்ந்த குறிலை இரண்டாகவும் எண்ணுங்கள். ‘தத்தத்தன’ ஆறு, ‘தத்தத் தனதன’ எட்டு. ஆறும் எட்டும் பதினான்கு. நாம் கட்டம் வெட்டிச் செய்த பீட் அங்கே சொல்லாகவே இருக்கிறது. திருப்புகழின் பழைய மெட்டுகள் பெரும்பாலும் தொலைந்துபோயின. தாளம் தொலையவில்லை, ஏனென்றால் அது எழுத்துகளுக்குள்ளேயே பூட்டிவைக்கப்பட்டிருந்தது. 1964-இல் வந்த ‘அருணகிரிநாதர்’ படத்தில் டி.எம்.சௌந்தரராஜன் பாடியதைக் கேட்டவர்களுக்கு அந்த வேகம் தெரியும்.

தமிழில் ராப் எழுதுகிறவருக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஆங்கில ராப்பில் ஓசை ஒத்துப்போவது பெரும்பாலும் வரியின் கடைசியில், ஸ்னேரின் மேல். ஏழில் அந்தக் கடைசி இடம் எதிர்பார்த்ததற்கு முன்பே வந்துவிடுவதால் பிடி தவறும். நமக்கு எதுகை அடியின் தொடக்கத்தில் நிற்கிறது. அதைச் சமத்தின் மேல் வைத்தால், சுற்று எங்கே தொடங்கியது என்பதைக் கேட்பவரின் காதுக்குச் சொல்லே காட்டிக்கொடுக்கும். டிரம்ஸ் உரக்கச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பாதையில் ஏற்கெனவே நடப்பவர்கள் இருக்கிறார்கள். மும்பையில் மிருதங்கக் கலைஞர் விவேக் ராஜகோபாலன் ‘தா தோம்’ திட்டத்தின் வழியாக ராப் பாடகர்களுக்குக் கொன்னக்கோல், அதாவது தாளச் சொற்களை வாயால் சொல்லும் கலையை, கற்றுக்கொடுத்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஷான் வின்சென்ட் டி பால் டொரண்டோவில், மிருதங்கக் கலைஞர் யாஞ்சனின் வாசிப்புக்கு ராப் பாடி ‘மிருதங்கம் ராப்ஸ்’ வரிசையை வெளியிட்டார். அமெரிக்காவில் அவுட்காஸ்ட் குழுவின் ‘ஹே யா!’ (2003) உலகமே ஆடிய பாட்டு. அதில் நாலு தட்டுப் பகுதி மூன்று, இரண்டு தட்டுப் பகுதி ஒன்று, மறுபடி நாலு தட்டுப் பகுதி இரண்டு என 22 தட்டுக்கு ஒரு சுற்று. ஆடியவர்களில் எத்தனை பேர் எண்ணியிருப்பார்கள்?

தாளத்தை மாற்றாமல் நடையை மட்டும் மாற்றும் வழியும் உண்டு. கிக்கும் ஸ்னேரும் நாலிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு தட்டையும் நாலுக்குப் பதில் ஐந்தாகப் பிரித்துச் சொல்லை அடுக்கினால் கண்ட நடை. மூன்றாகப் பிரித்தால் திஸ்ரம். மீகோஸ் குழு 2013-இல் ‘வெர்சாச்சே’ பாட்டால் பரப்பிய மும்மூன்று அடுக்கு அதுதான். கட்டம் வெட்டப் பயந்தவர்கள் இங்கே தொடங்கலாம்.

ஒலி தேடி வெளியே எங்கும் போக வேண்டாம். வட ஆற்காட்டுப் பக்கத்து மாரியம்மன் திருவிழாவில் பம்பை அடிப்பவரிடம் அனுமதி கேட்டு ஓர் அடியைப் பதிவு செய்து ஸ்னேர் இடத்தில் வையுங்கள். வேகம் நிமிடத்துக்கு 90 தட்டு போதும். நாலில் ஒரு சுற்றுக்கு சுமார் 2.7 நொடி கிடைக்கும், ஏழில் 2.3 நொடிதான். அந்த வித்தியாசத்தில் காணாமல் போவது பாடுகிறவரின் மூச்சு. அதனால் வரியை எழுதும்போதே நாலு சுற்றுக்கு ஒருமுறை கடைசித் ‘திமி’யைச் சொல்லில்லாமல் விட்டுவிடுங்கள். வேறு எண்ணிலும் முயலலாம்: ஐந்தில் 10 கட்டச் சுற்று ஒரு வரிக்குப் போதாது, இரண்டைச் சேர்த்து 20 ஆக்கிக்கொள்ளுங்கள். ஒன்பதில் வெட்டுவதற்குப் பதில் இரண்டு கட்டம் கூட்ட வேண்டும். அது இழுத்த மாதிரி கேட்கும், ஏழு வசப்பட்ட பிறகு அதைத் தொடுவது நல்லது.